ஆர் என்றால் ராக்கெட் இல்லை

பீளமேட்டில் அந்தக் கல்லூரி வாசலை பஸ் கடக்கும்போதெல்லாம் செங்கோட்டையன் எட்டு வருடமாக முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் போனார். துப்பலாம் என்று தோன்றும். ஜன்னலோரம் இடம் கிடைக்காது, விழுங்கிக்கொள்வார். உள்ளே ஏசி போட்ட ஹால். வாசலில் பிளைவுட்டில் அடித்த ராக்கெட், அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு பச்சைக் கம்பளம். விண்வெளிப் பாரம்பரியக் கூடமாம். கண்ணாடிப் பெட்டிக்குள் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு உலோக வளையம், பக்கத்தில் 'விண்ணைத் தொட்ட கோவை' என்று பலகை. அந்த வளையம் விண்ணைத் தொட்டதே இல்லை. மரியஅந்தோணி வீட்டுத் தண்ணீர்க் குடத்தைத்தான் தொட்டது. முப்பத்தேழு வருடம் அந்தக் குடம் உருளாமல் உட்கார்ந்திருந்ததே அதன்மேல்தான்.

மரியஅந்தோணி லேத் மேஸ்திரி. மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேலை. எழுபத்தொன்பதில் கேரளக் கடற்கரையில் விடும் சின்ன ராக்கெட்டுகளுக்காக நாற்பது வளையம் கடைந்து கொடுக்கச் சொல்லி அவருடைய கொட்டகைக்கு ஆர்டர் வந்தது. ராக்கெட்டின் தலையையும் உடம்பையும் சேர்த்துப் பூட்டும் வளையம். முப்பத்தொன்பது சரியாக வந்தது. ஒன்றில் மட்டும் துளை ஒரு தலைமுடியில் கால்வாசி அதிகமாகிவிட்டது. குறைத்துக் கடைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கடைந்து சரிசெய்யலாம். கூடுதலாகக் கடைந்ததை எதை வைத்து ஒட்டுவது? சோதிக்கிற ஆள் வரும்வரைக்கும் மரியஅந்தோணி காத்திருக்கவில்லை. சுத்தியலால் தட்டி எழுத்துப் பதிக்கிற எஃகு 'பஞ்ச்'சை எடுத்து வளையத்தின் நெற்றியில் தானே 'R' அடித்தார். ரிஜெக்ட்.

அன்றிலிருந்து அவருக்கு அந்த எழுத்து வாயிலேயே ஒட்டிக்கொண்டது. டீக்கடை வடை பிடிக்காவிட்டால் 'ஆர்' என்பார். மாதா கோவிலில் சாமியார் பிரசங்கம் நீண்டால் பக்கத்து ஆள் காதில் 'ஆர்' என்பார். மகள் டெய்சிக்கு வந்த மூன்று மாப்பிள்ளைகள் 'ஆர்' ஆகித் திரும்பினார்கள். அதே தெருவில் பாலீஷ் பட்டறை வைத்திருந்த செங்கோட்டையனின் வேலையை அவர் ஒருநாளும் 'பாஸ்' என்று சொன்னதில்லை. பத்துக் குத்துவிளக்கு பாலீஷ் போட்டால் ஒன்றில் கீறல் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

பாரம்பரியம் காக்கக் கிளம்பிய கல்லூரிக்காரர்கள் ஒருநாள் சால்வையோடு வந்தார்கள். அதற்குப் பொறுப்பாளர் கிருபாசங்கர். குடத்தை இறக்கி வைத்துவிட்டு வளையத்தைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். வளையம் என்ன, எதற்கு, அந்த எழுத்து என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவர், அவருக்கே தெரியும்.

கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் மரியஅந்தோணியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். துணைக்குச் செங்கோட்டையனும் போனார். பெட்டிக்கு அருகே ஒரு அம்புக்குறி, 'R: ராக்கெட் முத்திரை' என்று. மரியஅந்தோணி சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"ஏனுங் தம்பி, ஆருன்னா ராக்கெட்டு இல்லீங்க. ரிஜெட்டுங்க."

கிருபாசங்கரின் முகம் போன போக்கைச் செங்கோட்டையன் இன்றைக்கும் மறக்கவில்லை. பசங்க பார்க்க வருகிற இடத்தில் வீணாய்ப்போனது என்று எப்படி எழுதி வைப்பது என்று அவர் இழுத்தார்.

"அதத்தானுங்க எழுதோணும். நல்லா வந்ததெல்லாம் மேல போயிக் கடல்ல உளுந்து போச்சுங்க. கெட்டது ஒண்ணுதான் மிச்சம். அந்தோணி கெடுத்தான், அவனே கண்டுபுடிச்சான், அவனே ஆரு அடிச்சான்னு எழுதுங்க. ராக்கெட்டு அப்பிடித்தானுங்க மேல போச்சு."

பார்த்துக்கொள்வதாக கிருபாசங்கர் சொன்னார். பார்த்துக்கொண்டார். இரண்டாம் நாள் அந்த வளையம் செய்தித்தாளில் சுற்றிச் செங்கோட்டையன் பட்டறைக்கு வந்தது. கூட ஒரு சீட்டு: முகம் பார்க்கிற பாலீஷ், எழுத்து தெரியக் கூடாது.

செங்கோட்டையனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்தார். அந்தக் கல்லூரியின் கோப்பைகளும் விளக்குகளும் அவர் பட்டறைக்குத்தான் வந்துகொண்டிருந்தன. இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. தேய்த்தெடுக்கும் எமரிச் சக்கரத்தில் கால் மணி நேரம், அப்புறம் துணிச் சக்கரம். முப்பத்தேழு வருடக் குடத்துத் தண்ணீர் உப்பும் போயிற்று, ஒரு மனுஷன் தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்ட எழுத்தும் போயிற்று. கல்லூரிக்காரன் முட்டாள், அவனுக்குத் தெரியாது. இவர் யார்? கிருபாசங்கர்மேல் துப்ப நினைத்த எச்சிலில் பாதி தன் முகத்துக்கு உரியது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

திறப்பு விழா முடிந்து மரியஅந்தோணி நேரே பட்டறைக்கு வந்தார். அந்தப் பாலீஷ் யாருடையது தெரியுமா என்று கேட்டார். தெரியலீங்ணா என்றார் செங்கோட்டையன், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே. கிழவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஆரு பண்ணுனாலும் செரி. ஒரு கீறல் இல்ல. வேல பாஸு."

இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாஸ். கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலாம்.

போன தவக்காலத்தில் துடியலூரிலிருந்து டெய்சி போன் செய்தாள். அப்பா உங்களை வரச் சொல்கிறார் என்றாள். மரியஅந்தோணிக்குப் பேச்சு நிற்பதற்கு முந்தின நாள் அது. கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். தலையணைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துச் செங்கோட்டையன் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தால் அந்த எழுத்து அடிக்கும் 'பஞ்ச்'. முனையில் திருப்பி வெட்டிய 'R'.

"அண்ணா, அன்னிக்கு நானுங்ணா..." என்று ஆரம்பித்தார் செங்கோட்டையன்.

"தெரியுங் கண்ணு. உன்ற கைய எனக்குத் தெரியாதா? நீதான அழிச்ச, நீயே அடி. பொட்டியத் தொறக்கச் சொல்லு. தொறக்காட்டி, தொறக்கற வரைக்கும் அங்கயே உக்காரு. கையி நடுங்கப்படாது. ஒரே அடி. ரெண்டாவது அடி அடிச்சீன்னா எழுத்து ரெட்டையாயிரும், அப்பறம் அதுவும் ரிஜெட்டாப் போயிரும்."