தூரத்துக் காதலுக்கு எதிர்வழக்கு

ஓர்ப் ஆற்றங்கரைக் கோட்டையில் சாம்பல்காரம் போட்டுத் துணி வெளுப்பவள் சவ்ரினா. அவளை விரும்பியவன் உக்கெட், பிரபுக்களின் கூடங்களில் பாடுகிறவன். விரும்பினான் என்றால், மூன்று வருஷமாக எதிர்க்கரையில் நின்று பெருமூச்சு விட்டான். பாட்டில் அவள் பெயரைச் சொல்ல மாட்டான். 'பனிநிலா' என்று மறைபெயர் வைத்திருந்தான். அதுதான் அங்கே மரியாதை. நெருங்கினால் காதல் கறைபட்டுவிடுமாம்.

இதற்குள் அவள் அண்ணன், அறுப்பு முடிந்ததும் மாவு ஆலைக்காரக் கிழவனுக்கு அவளைக் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டான். அவள் எதிர்க்கரைக்குக் கத்தினாள்:

"யோவ், எங்கண்ணங்கிட்ட வந்து பொண்ணு கேக்கிறியா இல்லியா?"

"கேட்டா நீ கெடச்சிடுவியே! அப்புறம் நான் எத நெனச்சுப் பாடுறது?"

புனித யோவான் திருநாள் வந்தது. மதிய விருந்து முடிந்ததும் கூடத்தில் காதல் வழக்கு நடக்கும். பாடகர்கள் வாதாடுவார்கள், சீமாட்டி மாபிலியா தீர்ப்புச் சொல்வாள். அன்றைய வழக்கு, தூரத்துக் காதல் உசத்தியா, பக்கத்துக் காதலா என்பது. உக்கெட் தூரத்துக்காக உருகி உருகிப் பாடினான். சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூரந்தான் உசத்தி" என்றாள்.

மேசை விரிப்பை எடுக்க வந்திருந்த சவ்ரினா, அதைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"தீர்ப்பு தப்புங்க, சீமாட்டியம்மா."

"ஏண்டி, ஒனக்கென்னடி தெரியும்?"

"அந்தப் பாட்டுல வர்றவ நான்தாங்க. ஒங்களுக்குப் புருஷன் இருக்காரு, தூரத்துல ஒருத்தர் பாடினா பொழுது போகும். எனக்கு அறுப்பு முடிஞ்சா ஆலைக்காரன் வீடு. இவரு அதையும் பாட்டாக் கட்டிடுவாரு."

மறைபெயரை உடைப்பது அங்கே பெரிய குற்றம். "பனிநிலாவுக்குக் கையெல்லாம் சாம்பக்காரம்டா!" என்று யாரோ கத்த, கூடம் குலுங்கியது.

உக்கெட் முகம் வெளுத்தான். "மானத்த வாங்கிட்டியே, சவ்ரினா."

"அட, பேரு சொல்ல இப்பதான் வாய் வந்துச்சா? நாளைக்குக் காலப்பூச முடிஞ்சு கோயில் வாசல்ல நிப்பேன். வந்து கையப் பிடி."

கல்யாணம் நடப்பது கோயில் வாசலில்தான். மறுநாள் அவள் அங்கே நின்றாள். உக்கெட்டும் வந்தான். வந்தவன் நாற்பதடி தள்ளி, அத்திமரத்தடியில், மார்பில் கை வைத்து நின்றுவிட்டான். பாவம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சேதி கேட்ட அண்ணன், ஆலைக்காரனைக் கையோடு இழுத்து வந்து, "இன்னைக்கே முடிச்சிடுங்க, சாமி" என்றான்.

குருவானவர் முறைப்படி கேட்டார். "மகளே, இவரக் கட்டிக்கச் சம்மதமா?"

சவ்ரினா அத்திமரத்தைப் பார்த்தாள். அவன் அசையவில்லை.

"சம்மதமில்ல, சாமி. ஆண்டவர் வாசல்ல பொய் சொல்ல மாட்டேன்."

அண்ணன் கையை ஓங்கினான். குருவானவர் அதைப் பிடித்துக்கொண்டார். "அவ சம்மதம் சொல்லாம நான் கட்டி வைக்க முடியாதுப்பா."

அவள் சிலுவை போட்டுக்கொண்டு படியிறங்கி, அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் பட்டணத்துப் பாதையைப் பிடித்தாள். பெசியேர் பட்டணத்துக்குப் போகும் பாதை அத்திமரத்தடியாகத்தான் போகிறது. உக்கெட்டின் தோளை உரசிக்கொண்டே நடந்தாள். நிற்கவில்லை.