முதுகுக் கோடு

வடக்கே பாலைவன வெட்டுக்கிளிகளை ஒழிக்கும் வேலைக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் போகலாம் என்று கடிதம் வந்த அன்று எனக்கு ஐம்பது வயதும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. கடிதத்தில் இரண்டு நிபந்தனைகள். ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும். இந்தி பேசத் தெரிய வேண்டும். இரண்டிலும் நான் அடிபட்டுப் போனேன். என் தோழி இரண்டிலும் தேறினாள்.

செங்கல்பட்டில் பயிர்ப் பாதுகாப்பு வேலையில் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள். வயல் வயலாகப் போய்ப் பூச்சிகளை எண்ணுவது எங்கள் தொழில். அவள் முட்டுக்காட்டுக்காரி, என்னைவிட மூன்று வயது இளையவள். நான் கூடுவாஞ்சேரி. இருபத்து நான்கு வருடமாக மதியச் சாப்பாடு ஒரே மேசையில். என் டப்பாவில் அவள் கை, அவள் டப்பாவில் என் கை. அவள் இந்தி கற்றது டிவி நாடகங்களில். மாமியாரும் மருமகளும் சண்டை போடுகிற இந்தி. அதை வைத்துக்கொண்டு பாலைவனத்தில் யாரோடு சண்டை போடப் போகிறாய் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

அந்த அலுவலகத்தில் வெட்டுக்கிளியைப் பற்றிப் படித்தவள் நான்தான். கையேட்டை மூன்று முறை படித்து, ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதியிருந்தேன். எந்தப் பூச்சியைப் பிடித்தாலும் நீளத்தை அளந்து, இடத்தையும் நேரத்தையும் அன்றே டைரியில் எழுதிவிடுவேன். அவளுக்கு எல்லாமே 'சுமாரா'தான். சுமாரா பத்து, சுமாரா இருபது.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, பூச்சி பாக்கற உன் லென்ஸைக் குடுக்கா. மூணு மாசத்துல பத்திரமா கொண்டாந்துடறேன்."

"காணோம்டி. எங்க வெச்சேன்னே தெரியல."

லென்ஸ் என் கைப்பையின் உள் ஜிப்பில் இருந்தது. நான் எதையும் தொலைப்பவள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "சரி வுடுக்கா" என்று போய்விட்டாள்.

அது கொரோனா வருடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் இல்லை, மாமல்லபுரத்து விடுதிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. வெட்டுக்கிளிப் படம் மட்டும் எல்லோர் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்துக்கு அது வருவது அபூர்வம் என்று தெரிந்தும், கடலோரத்தைத் தினமும் கண்காணிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அது என் பங்கு. காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பி, சவுக்குத் தோப்பிலும் தாழம்புதர்களிலும் எண்ணி எண்ணி அடி வைத்து நடக்க வேண்டும். காலடிச் சத்தத்தில் எழும்பும் பூச்சிகளைக் கணக்கெடுத்து, பதினோரு மணிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். 'பாலைவன வெட்டுக்கிளி: இல்லை.' தினமும் அதே வரி. பல இடங்களில் நடக்காமலேயே 'இல்லை' போட்டுவிடுவார்கள். நான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

விவசாயிகள் பாட்டிலில் பூச்சி கொண்டு வந்து காட்டுவார்கள். பெரும்பாலும் எருக்கஞ்செடியில் கூட்டமாக உட்காரும் மஞ்சளும் நீலமுமான வெட்டுக்கிளி. எருக்கை விட்டு நகராது, பயிரைத் தொடாது, பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

சாயங்காலமானால் தோழியின் படங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். ஒரு மரம் முழுக்கக் காய்த்தது போலப் பூச்சி. ஜீப்பின் பின்னால் பொருத்திய பெரிய தெளிப்பான். கண்ணாடியும் முகமூடியும் போட்டு, யாரென்று தெரியாமல் அவள். பகல் முழுக்க வெட்டுக்கிளிப் படையைத் துரத்துவார்களாம். பொழுது சாய அது எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, விடியும் முன் போய் மருந்தடிக்க ஆரம்பிப்பார்களாம். வெயில் ஏறி இறக்கை சூடானால் எழும்பிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். இதெல்லாம் கையேட்டில் உள்ளதுதான். நான் படித்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் எங்கள் அதிகாரி அவள் படத்தின் கீழே 'நம் அலுவலகத்தின் பெருமை' என்று எழுதினார். அதற்கு நேர் மேலே என்னுடைய 'இல்லை' அறிக்கை இருந்தது. அதற்கு ஒரு கட்டைவிரல்கூட இல்லை.

அதே வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, இரண்டாவது குழுவுக்கும் ஓர் ஆள் கேட்பார்கள் போலிருக்கிறது, வயது வரம்பைத் தளர்த்துவார்கள் என்று பேச்சு, பார்க்கலாம் என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. அந்தப் படை வானத்திலிருந்து இறங்குவதை ஒரு முறை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதிகாரி என்னை நினைக்க வேண்டும். 'இல்லை, இல்லை' என்று எழுதுகிறவளை யார் நினைப்பார்கள்?

அடுத்த புதன்கிழமை காலை 6:35. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து இருநூறு அடி தள்ளித் தாழம்புதர். பெரிய பழுப்பு நிற வெட்டுக்கிளி ஒன்று எழும்பி, பத்தடி பறந்து உட்கார்ந்தது. வலையில் பிடித்தேன். நீளம் 58 மில்லிமீட்டர். தலையிலிருந்து முதுகு நெடுக வெளிறிய கோடு ஒன்று ஓடியது. லென்ஸை எடுத்து அடிப்பக்கம் பார்த்தேன். முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கும் சிறு முள் பின்பக்கமாக வளைந்திருந்தது. பாலைவன வெட்டுக்கிளிக்கு அந்த முள் நேராக, முனை மழுங்கி இருக்கும். முதுகில் இப்படி ஒரு கோடும் இருக்காது. என் கையில் இருந்தது பம்பாய் வெட்டுக்கிளி. நம் ஊரில் எப்போதும் ஒன்றிரண்டு திரிவது, பார்ப்பதற்கு மட்டும் அதன் சாயல்.

6:40க்கே எனக்குத் தெரிந்துவிட்டது. இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

பூச்சியைக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டேன். பாட்டிலைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். அந்தக் கோணத்தில் கோடு தெரியாது. முதல் படத்தில் லேசாகத் தெரிந்தது, அழித்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். படிவத்தில் 'முதுகுக் கோடு' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். 'பாலைவன வெட்டுக்கிளி எனச் சந்தேகம், ஒன்று' என்று எழுதிக் குழுவில் அனுப்பினேன்.

போன் அடங்கவே இல்லை. அதிகாரியே கூப்பிட்டார். "நெஜமாவாம்மா? நீங்க சொன்னா அப்பீலே இல்ல. மேல சொல்லிடறேன், நல்லா இன்னும் ரெண்டு படம் எடுங்க" என்றார். அலுவலக டிரைவர் அடுத்துப் பேசினார்.

"மேடம், கலக்கிட்டீங்க! அவங்க ராஜஸ்தான் போயி புடிக்கிறாங்க, நீங்க குந்துன எடத்துலயே புடிச்சிட்டீங்க. நம்ம ஏரியா விவசாயிங்க குரூப்பு எல்லாத்துலயும் போட்டு வுட்டுட்டேன்."

அந்த இரண்டு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது, இருந்தேன். அவர் குரூப்பில் போட்டதால் என்ன ஆகும் என்று அப்போது தோன்றவில்லை.

8:50க்குத் தோழி கூப்பிட்டாள். பின்னால் ஜீப்புச் சத்தமும், யாரோ இந்தியில் கத்துவதும் கேட்டன.

"அக்கா, படம் பாத்தேன். அடிப்பக்கம் ஒண்ணு எடுத்துப் போடேன்."

"பறந்துபோச்சுடி."

பாட்டில் என் மடியில் இருந்தது.

"கோடு இருந்துச்சா?"

"கவனிக்கல."

"நீயா கவனிக்கல?" என்றாள். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இன்னாடி, நாலு வாரத்துல எனக்கே பாடம் எடுக்கறியா?"

"பாடம்லாம் இல்லக்கா. இங்க தெனம் ஆயிரக்கணக்குல பாக்குறேன், அது இது இல்ல. நான் யாரான்டயும் சொல்லமாட்டேன். நீயே சொல்லிடு. ஆனா சீக்கிரம் சொல்லு. எவனாச்சும் மருந்தடிச்சிடப் போறான்."

ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு என் வயல்களைப் பற்றி எனக்கு ஞாபகப்படுத்தினாள். போனைக் கட் பண்ணினேன். கோபத்தோடுதான் வண்டியை எடுத்தேன்.

தாழம்புதருக்கு மிக அருகில் இருந்த வயல், சாலைக்கு மேற்கே ஒருவர் போட்டிருந்த கீரை. பதினொரு பாத்தி, அரைக்கீரையும் சிறுகீரையும். மறுநாள் அறுத்துச் சந்தைக்கு அனுப்புவதாக இருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது முதுகில் மருந்து டேங்கைக் கட்டிக்கொண்டு நான்காவது பாத்திக்கு வந்திருந்தார். மருந்து வாசனை சாலை வரை அடித்தது. அவர் மனைவி வரப்பில் நின்று, "அந்த ஓரம் வுட்டுட்ட பாரு" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! அடிக்காதீங்க!"

"இன்னாம்மா நீ? வெட்டுக்கிளி வந்துகினு கீதுன்னு நீதானே போட்ட? டிரைவர் அண்ணாத்த உன் பேரப் போட்டுத்தான் அனுப்பிச்சாரு."

"அது இல்ல. வேற பூச்சி. பாருங்க." பாட்டிலை நீட்டி, மூடி வழியாகக் கோட்டைக் காட்டினேன். "இந்தக் கோடு இருந்தா அது இல்ல."

அவர் பாட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் கோடு இப்பதான் வந்துச்சா?"

அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு புழுவக் கண்டா அர மணி நேரம் குந்திகினு ஸ்கேலு வெச்சி அளப்ப. உன் கண்ணுக்குத் தெரியலயா இது?"

"தப்பு பண்ணிட்டேன்."

"தப்புன்னு சுளுவா சொல்லிட்ட. இந்த மூணு பாத்தியை இன்னா பண்றது?"

அறுக்கக் கூடாது என்றேன். அந்த மருந்து அடங்கக் குறைந்தது இரண்டு வாரம் ஆகும், அதற்குள் கீரை முற்றிவிடும், மடக்கி உழுவதுதான் வழி. மாட்டுக்கும் போடக் கூடாது.

"மாட்டுக்கும் கூடாதா? அப்ப நீ துன்னு" என்றார் அவர் மனைவி. சிரிப்பு போயிருந்தது.

மருந்து பட்ட பாத்திகளைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டினேன். இருவரும் உதவிக்கு வரவில்லை. வரப்பிலேயே நின்றபடி, பூச்சி வேறு, தவறு என்னுடையது, யாரும் மருந்தடிக்க வேண்டாம் என்று குழுவில் எழுதினேன். நேரம் 9:55. பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, முதலில் போட்ட எல்லா இடத்திலும் இதையும் போடச் சொன்னேன். "மேடம்..." என்றார்.

பத்து நாளில் இரண்டாவது குழுவுக்கான கடிதம் வந்தது. வயது வரம்பு தளர்த்தப்பட்டிருந்தது. இந்தியும் கட்டாயமில்லை. அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அந்தக் கீரை மேட்டரை மனசுல வெச்சுக்காதீங்கம்மா. சாயல் ஒண்ணா இருக்கு, யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்க. நீங்களே ஓடிப்போய் நிறுத்தினீங்க, அதுதான் பெருசு. உங்க ஃபிரெண்டும் நேத்து போன் பண்ணாங்க. அக்காவை அனுப்புங்க சார், இங்க அவங்க மாதிரி அளந்து எழுதற ஆள் ஒருத்தரும் இல்லன்னு சொல்றாங்க. உங்க பேரைப் போட்டுடட்டுமா?"

மேசையில் படிவம் இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. நான் கேட்டதெல்லாம் அதுதான். 'சரி சார்' என்றால் போதும், ஐந்தாறு நாளில் ரயில். ஆனால் அது அவள் கொடுத்து நான் வாங்குவதாக இருக்கும். அங்கே போய் இறங்கினால் அவள்தான் நடுவில் நின்று, இது என் அக்கா என்று எல்லோருக்கும் காட்டுவாள். பாட்டிலைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். அங்கே இருக்கும் நாள் முழுக்கத் திறக்க மாட்டாள்.

"கோடு தெரிஞ்சுதான் எழுதினேன் சார்" என்றேன்.

"என்னது?"

"படத்துல கோடு தெரியாம இருக்க ரெண்டு தடவை எடுத்தேன். அவகிட்டப் பூச்சி பறந்துபோச்சுன்னு சொன்னது பொய். கையிலதான் இருந்தது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கும்மா?"

"அவளுக்குக் கிடைச்சுது, எனக்குக் கிடைக்கல. அதுக்குத்தான்."

நேர்மை என்று எழுதிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. நேர்மையாக இருந்தால் அந்தப் புதன்கிழமை வரப்பிலேயே முழுதையும் சொல்லியிருப்பேன். அவள் கையிலிருந்து வாங்க முடியாமல்தான் சொன்னேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, படிவத்தில் வேறு பெயரை எழுதினார். எங்கள் தட்டச்சர். பூச்சிக்குப் பயந்தவர்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் தோழி கூப்பிட்டாள். செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

"இன்னாக்கா இப்படிப் பண்ணிட்ட? நான் இங்க ரூம்ல உனக்குக் கட்டில்லாம் பாத்து வெச்சிக்கினு கீறேன். பைத்தியமா நீ?"

"ஆமா."

"லூசு. நான் இங்க தனியா கெடந்து சாவறேன். பேச ஆளு இல்ல. இந்த ரொட்டியத் துன்னு துன்னு வாய் செத்துப்போச்சு."

அவளுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று தெரிந்தும் எனக்கு ஒன்றும் தணியவில்லை.

"இன்னைக்குப் படை எங்க எறங்குச்சு?" என்று கேட்டேன்.

"இதோ இப்பதான் எறங்கிகினு கீது. கண்ணுக்கு முன்னாடி. இரு, சொல்றேன்." சொல்ல ஆரம்பித்தாள். மேற்கே வானம் பழுப்பாகிறது, வெயில் பட்டு இறக்கை எல்லாம் மினுக்குகிறது, மழை தூரத்தில் வருவது போல ஒரு சத்தம், ஒரு மரம் நிறைந்து அடுத்த மரத்துக்குப் போகிறது.

"எத்தனை மரம்?"

"சுமாரா நாப்பது இருக்கும்க்கா."

"சரியா எண்ணிச் சொல்லு."

அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக, வாய்விட்டு. நான் டைரியை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு எண்ணுக்கும் வயிறு எரிந்தது. போனை வைக்கவும் முடியவில்லை.