பேனலில் இல்லை என்று நான் சொன்னது

பட்டர்வொர்த்துக்கு எதிரே தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவு கவுண்டரில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கவுண்டர் கதைகள் நிறையச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஃபேக்டரிகள் இன்சூரன்ஸ் கார்டு கொடுக்க ஆரம்பித்திருந்தன. யாராவது கார்டை நீட்டினால் பேனல் லிஸ்டைப் பார்ப்போம். எந்தெந்த இன்சூரன்ஸை எங்கள் மருத்துவமனை ஏற்கும் என்ற பட்டியல் அது. புதுப் பெயர்கள் சேர்ந்துகொண்டே இருந்ததால், லிஸ்டில் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஒரு நாள் நான் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்த நேரத்தில் ஒரு தம்பதி வந்தார்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ், பட்டர்வொர்த்தில் எங்கள் தீவுக்கு ஃபெரி என்று மாறி மாறி வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"அக்கா, எங்க ஊரு கிளினிக்ல பிசிஷியன்கிட்ட காட்டச் சொன்னாங்க. இது என் ஃபேக்டரில குடுத்த கார்டு. இங்க எடுப்பீங்களா?" என்றார் கணவர்.

லிஸ்டில் பெயர் இல்லை. சற்று முன் வந்த, டை கட்டியவரின் கார்டும் லிஸ்டில் இல்லைதான். அவருக்காகப் போன் செய்தேன். இவரிடம் நான் பார்த்தது தேய்ந்த சிலிப்பரையும் ரப்பர் எஸ்டேட் பேச்சையும். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். எஸ்டேட் ஆட்கள் என்றால் எங்கள் வீட்டில் ஓர் இளக்காரம் உண்டு. எனக்கும் இருந்தது.

"பேனல்ல இல்ல. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"ஒரு போன் போட்டுக் கேக்க முடியாதாக்கா?"

"இல்லன்னா இல்லதான் லா. எனக்குத் தெரியாதா?"

அவர் கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி வெளியே போனார். இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அலைய அந்த அம்மாவுக்குத் தெம்பில்லாமல் வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

நான்காம் நாள் அந்த அம்மாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. எங்கள் மருத்துவமனை கார்டை எடுக்குமா என்று இதற்குள் ஃபேக்டரி ஆபீசிலிருந்து விசாரித்திருக்கிறார்கள். அந்தக் கார்டை நாங்கள் ஏற்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

இன்சூரன்ஸ் பாரத்தில் கையெழுத்து வாங்க நான் வார்டுக்குப் போனபோது பிசிஷியன் கணவரைக் கடிந்துகொண்டிருந்தார்.

"இவ்வளவு மோசமாகிற வரைக்கும் ஏன் வீட்ல வச்சிருந்தீங்க?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"நாங்கதான் லேட் பண்ணிட்டோம் டாக்டர்."

நான் பாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய மனசு, மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். டாக்டர் போனதும் அவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலக்கா. கோவிச்சுக்காதீங்க. அவ கார்டு வேலைய மட்டும் நிறுத்திடாதீங்க."

மன்னிப்பாவது ஒன்றாவது! மனுஷன் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார்.

அந்த அம்மா பிழைத்து வீடு திரும்பினார். லிஸ்டை நம்பி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள், போன் செய்து கேளுங்கள் என்று அன்றிலிருந்து எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தேன். நானும் அப்படியே செய்தேன். ஆனால் அந்த டாக்டருடன் மேலும் ஒன்பது வருடம் வேலை பார்த்தும், தாமதம் யாரால் என்று அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.