பாரிஸிலிருந்து வர வேண்டிய ‘ம்’

சாமிக்கண்ணு தன் வீட்டு அடுப்படியில் நின்று “உப்பு போதுமா?” என்று கேட்டால், முதலியார்பேட்டையில் எங்கள் தெருவே தன் தன் குழம்பை ஒரு தரம் ருசி பார்த்துக்கொள்ளும். மில்லில் தறி ஓடும் சத்தத்துக்கு மேலே ஏறிப் பேசிப் பழகிய தொண்டை. மில்லிலிருந்து அவர் ஓய்வு பெற்றார், தொண்டை பெறவில்லை.

அவருக்குக் கதை சொல்ல வேண்டும். கதை நடக்க வேண்டுமானால் ஒருவர் எதிரே ‘ம்’ கொட்ட வேண்டும். அந்த உத்தியோகத்தைக் கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி அன்னக்கிளி பார்த்து வந்தாள். அவள் அடுப்பைப் பார்த்து நிற்பாள், இவர் முக்காலியில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக் கதை சொல்வார். வெறும் ‘ம்’ என்றால் மேலே சொல்லுங்கள் என்று பொருள். ‘ம்ம்’ என்று இழுத்தால் கொஞ்சம் அதிகமாகப் போகிறது, அடக்கி வாசியுங்கள். ‘ம்க்கும்’ என்றால் இன்றைக்கு ரசம் கிடையாது. ‘ம்’ வராவிட்டால் சாமிக்கண்ணுவுக்குக் கதை தொண்டையில் நின்றுவிடும். ஒருமுறை அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது கரண்டியால் சட்டியைத் தட்டித் தட்டி ‘ம்’ போட்டாள். கதையைப் பாதியில் விட்டால் அவருக்கு வயிறு உப்புசம் கண்டுவிடும் என்று வைத்தியரே சொன்னதாக அவரே சொல்லுவார்.

இரண்டாயிரத்து எட்டில் அன்னக்கிளி பாரிஸுக்குப் போனாள். அவர்களுடைய ஒரே மகள் சங்கவியைச் சொல்தா வீட்டுப் பேரன் கோபிநாத்துக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த குடும்பம், பேரனுக்கு அந்த ஊர்க் குடியுரிமை, பாரிஸுக்குப் பக்கத்தில் வேலை. சங்கவிக்கு முதல் பிரசவம். புளிக்காய்ச்சலும் சுக்குப் பொடியுமாக விமானம் ஏறிய அன்னக்கிளி, குழந்தைக்குத் தலை நின்றதும் வந்துவிடுவதாகச் சொன்னாள். தலை நின்றது. பிறகு சங்கவி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். பிறகு குளிர் வந்துவிட்டது, குழந்தையை யாரிடம் விடுவது என்றார்கள். விசாவை நீட்டினார்கள்.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. மாமனார் தனியாக இருக்கிறாரே என்று ஒரு கம்ப்யூட்டருக்கும் வீட்டுக்கு இணையத்துக்கும் ஏற்பாடு செய்தார். கம்பெனி ஆள் வந்து முன்ரூமில் டெலிபோன் பக்கத்தில் இரண்டு கொம்பு வைத்த வயர்லெஸ் டப்பாவை மாட்டிவிட்டு, “கம்ப்யூட்டர் எங்க சார் வைக்கணும்?” என்று கேட்டான்.

“அடுப்படியில.”

“அடுப்படியிலயா?”

“ஆமா. பின்ன பேசறது எங்க, கோயில்லயா?”

அரிசி அரைக்கிற கல்லுக்கு எதிரே, அன்னக்கிளி நிற்கும் இடத்தில் மேசை போட்டு, திரையை வைத்தார். நமக்கு மத்தியானச் சாப்பாடு முடியும் நேரம் அங்கே காலைக் காபி. அன்னக்கிளியும் அங்கே அடுப்படியில்தான், தோளில் குழந்தையோடு நிற்பாள். முக்காலி இங்கே, முகம் அங்கே. முதுகைப் பார்த்துப் பேசியவருக்கு இப்போது முகமே கிடைத்தது. கிடைத்து என்ன, ‘ம்’ இடம் தவறி விழுந்தது.

ஒரு வாக்கியம் முடிந்து இவர் காத்திருப்பார். வராது. சரி, கேட்கவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவார். அதன் நடு மண்டையில் வந்து விழும், ‘ம்’. உடனே நிறுத்துவார். அவளும் நிறுத்துவாள். “சொல்லுங்க” என்பாள். “நீ சொல்லு” என்பார். இரண்டும் வழியில் இடித்துக்கொள்ளும். புயல் அடித்த வருடம் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த கதை, அவருடைய கதைகளிலேயே மூத்த கதை, இப்படி மூன்று மத்தியானம் நொண்டியடித்து மில் வாசலை எட்டாமலே நின்றது.

“படமும் கட்டம் கட்டமா வருது. வேகம் பத்தல” என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னார். கம்பெனிக்குப் போய் இருப்பதிலேயே வேகமான திட்டத்துக்கு மாறினார். மாறிய அன்று மத்தியானம் எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். உண்மைதான், அன்னக்கிளியின் மூக்குத்தியில் உள்ள கல் வெள்ளையா சிவப்பா என்று சொல்லிவிடலாம். குழந்தையின் எச்சில் நூல்கூடத் தெரிந்தது. “பாத்தீங்களா, பக்கத்துல நிக்கிற மாதிரி இல்ல?” என்றார் சாமிக்கண்ணு.

பக்கத்தில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. அதனால்தான் அந்த விபரீதம்.

கட்டம் கட்டமாக வந்தபோது அவள் தூரத்தில் இருப்பது ஞாபகம் இருந்தது. இப்போது பளிச்சென்று எதிரே நிற்கிறாள், கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வேண்டியதுதானே என்று தோன்றிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொன்னார்: “இன்னிக்கு நானே ரசம் வெச்சேன் அன்னம். புளி கம்மி.”

திரையில் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. சங்கவி போன வாரம் போனில் சொன்ன ஒரு சொல் அவர் மனதில் முள்ளாகக் கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டார்.

“ஏன் புள்ள, நீ அங்கயே இருந்துடப் போறியாமே?”

“ம்” என்றாள் அன்னக்கிளி.

இழுக்காமல், யோசிக்காமல், தலையையும் ஆட்டி.

சாமிக்கண்ணு சுவிட்சை அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். டெலிபோன் அடித்தால் எடுக்கவில்லை. கறிகாய் வாங்க வந்த சாமிக்கண்ணு கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றதைப் பார்த்துக் கடைக்காரருக்கே பயம் வந்துவிட்டது. தெருவில் அவர் குரல் கேட்காததால் பால்காரர் நேரம் தெரியாமல் திண்டாடினார். கேட்டவர்களிடம் ஒரே வார்த்தைதான்: “அது வராது.”

பக்கத்து வீட்டு மாலா அந்த இணையக் கம்பெனியிலேயே புகார் எடுக்கும் பெண். அவள் செல்போனுக்குப் பாரிஸிலிருந்து சங்கவி அழுதுகொண்டே பேச, மாலா நேரே அடுப்படிக்கு வந்தாள்.

“பெரியப்பா, ஏன் போன எடுக்கல? பெரியம்மா சாப்பிடாம உக்காந்துருக்காங்களாம்.”

“எதுக்கு எடுக்கணும்? நானே கேட்டேன், அதுவே ம்னு சொல்லிச்சி.”

“எத கேட்டீங்க?”

சொன்னார். புளி கம்மியிலிருந்து சொன்னார். மாலா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ பெரியப்பா, அது ரசத்துக்குச் சொன்ன ம்மு!”

“வேகமானது போட்டுக் குடுத்தீங்களே, பின்ன ஏன் லேட்டா வருது?”

“கோரிமேட்டுலேருந்து பஸ்ல வரீங்கன்னு வெச்சுக்குங்க. சின்ன பஸ்ஸுல நெரிசல்னு சொன்னீங்க, பெரிய பஸ் வுட்டாச்சு. எல்லாரும் உக்காந்து வராங்க, மூக்குத்தி உட்பட. ஆனா பெரிய பஸ்ஸுனு தூரம் கொறஞ்சிடுமா? சிக்னல்ல நிக்காம வந்துடுமா? நீங்க வேகம்னு வாங்கனது எடம். பெரியம்மாவோட ம்மு ஒரு டிக்கெட்டு. அதுக்கு எடம் எதுக்கு? அது சீக்கிரம் வரணும், அவ்ளோதான். அத நாங்க விக்கறதில்ல.”

சொல்லிவிட்டு அவள் சுற்றிப் பார்த்தாள்.

“நம்ம வீட்டுக்குள்ளயே பாதி நேரம் வீணாவுது. டப்பா முன்ரூம்ல இருக்கு. இங்க வரதுக்குள்ள ரெண்டு செவுரு, ஃப்ரிட்ஜு. காத்துல வர சேதி வழியில வுழுந்துடும், டப்பா மறுபடி மறுபடி அனுப்பும். கம்ப்யூட்டர முன்ரூமுக்குக் கொண்டு போயிடுங்க.”

“உங்க பெரியம்மா என்னிக்கு முன்ரூம்ல நின்னு கதை கேட்டிருக்குது?”

வாக்குவாதம் நடந்தது. கடைசியில் கம்ப்யூட்டர் நகரவில்லை, டப்பா நகர்ந்தது. நீளமான டெலிபோன் ஒயர் இழுத்து, அரிசி டின் மேல், இரண்டு கொம்போடு வந்து உட்கார்ந்தது.

“வீட்டுக்குள்ள இருந்த தாமதம் போச்சு” என்றாள் மாலா. “ஆனா நடுவுல கடல் இருக்குது. அத நான் எங்க நகத்துறது?”

மறுநாள் மத்தியானம் துண்டை எடுத்தார். அன்னக்கிளி திரையில் வந்தாள். கண் வீங்கியிருந்தது, பெரிய பஸ் என்பதால் அதுவும் நன்றாகத் தெரிந்தது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இன்னொரு முறை தவறான இடத்தில் ஒரு ‘ம்’ வந்து விழுந்தால் தாங்காது. அதனால் கதையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் புயல் அடிச்ச வருசம், மொத ஷிப்டுக்குக் கெளம்பறேன்.”

“ம்.”

இடத்தில் வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எதிர்க்காத்து. மிதிக்கறேன், மிதிக்கறேன், சைக்கிளு நவுரவே இல்ல.”

“ம்.”

“வேர்த்துக் கொட்டுது. பாத்தா நம்ம வீட்டு வாசல்லயேதான் நிக்கறேன்.”

“ம்ம்.”

இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, அடுப்பு முன்னால் நின்றபோது வந்த அதே அளவில், முற்றுப்புள்ளி மேல் உட்கார்ந்தது. சாமிக்கண்ணு அரிசி டின் மேல் இருந்த டப்பாவைப் பார்த்துக் கும்பிடு போட்டார். கதை மில்லை நெருங்கியது. குஷியில் இந்த முறை ஒரு புதுச் சங்கதியைச் சேர்த்தார்.

“காத்து திரும்பிச்சு பாரு, சைக்கிளோட என்ன அலாக்காத் தூக்கி, கொண்டு போயி, நேரா கடலுக்கு...”

“ம்க்கும்! வாட்ச்மேன் மடியிலயா?”

சாமிக்கண்ணு கதையை நிறுத்தினார். காற்று அவரை மில் வாட்ச்மேன் மடியில் போட்டது பழைய கதை. இன்று அவர் வாட்ச்மேனைச் சொல்லவே இல்லை.

“அன்னம், நான் கடலுன்னு இல்ல சொன்னேன்?”

இப்போது தாமதம் வந்தது. அவர் கேள்வி கடல் தாண்டிப் போனது, பதில் கடல் தாண்டி வந்தது. அதுவரை திரையில் அவள் ஒன்றும் தெரியாதவளாகக் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சிரிப்பு வந்து சேர்ந்தது.

“கதைய மாத்திட்டீங்களா? எனக்கு எப்பிடித் தெரியும்? உங்க கதைதானே, எங்க மூச்சு வுடுவீங்கன்னு தெரியாதா? நீங்க நிறுத்தறதுக்கு முன்னாடியே ம்முனு சொல்லி அனுப்பிடறேன். அது வந்து சேர நேரம் ஆவுதுனு மாலா சொல்லிச்சி இல்ல.”

சாமிக்கண்ணு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். அடுப்படியில் புகை ஒன்றும் இல்லை. முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தெருவுக்குக் கேட்காத குரலில், அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது எங்களுக்குத் தெரியாது, மெதுவாகத் தொடங்கினார்.

“சரி, அத வுடு. நீ எப்பதான்...”

“தை பொறந்ததும் வரேன்” என்றாள் அன்னக்கிளி.

கேள்வி இன்னும் அவர் வாயை விட்டு முழுதாக இறங்கவில்லை. பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வழியே இல்லை. அவர் கேட்பதற்கு முன்னாலேயே அவள் அங்கிருந்து பதிலை அனுப்பிவிட்டிருந்தாள்.

தை பிறக்க இன்னும் மழைக்காலம் முழுதும் கிடந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. திரையைப் பார்த்தார். மூக்குத்திக் கல் வெள்ளை. தன் ஆயுளிலேயே முதல் தடவையாக, சாமிக்கண்ணு ‘ம்’ என்றார்.

அது போய்ச் சேரும் வரைக்கும் அன்னக்கிளி குழந்தையைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.