வெறுங்காலோடு ஏறுகிறவன்

புதுக் காரின் வாசனை எனக்கு ஆகாது. ஆனால் என் பிழைப்பே அதில்தான். பெங்களூரை ஒட்டிய ஹொசகோட்டே பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து கார் சீட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வடக்கே, டெல்லி பக்கத்துக் குர்கான் வரை போகிறேன். கண்டெய்னர் கதவைத் திறந்ததும் ரெக்ஸினும் பஞ்சும் பசையும் சேர்ந்த அந்த நெடி முகத்தில் அறையும். அந்த நொடியில் நான் குர்கானில் இல்லை. பெங்களூர் காக்ஸ் டவுனில், எங்கள் வீட்டு வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தியாகப் போகிறவரின் காருக்குள் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நாற்பத்தேழு வயதில் லாரிக்காரன் ஆனேன். அதற்கு முன் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. ஒருநாள் என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்தபோதே தெரிந்துவிட்டது. அப்புறம் போன நேர்காணல்களில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னை 'சார்' என்றார்கள். வேலை தர வேண்டியவன் சார் என்று கூப்பிட்டால் வேலை இல்லை என்று பொருள். ஹெவி லைசன்ஸ் எடுத்துவிட்டு வந்து வீட்டில் சொன்னேன். மனைவி அழவில்லை. எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினாள்.

சாலை எனக்குப் பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? சித்ரதுர்கா மலைமேல் காற்றாலைகள் சுற்றச் சுற்ற, என் வாழ்நாளில் முதல்முறையாக எனக்குப் பின்னால் யாரும் நின்று திரையைப் பார்க்கவில்லை. முதுகுதான் கெட்டது. முழங்கால் கெட்டது. தூக்கம் எந்த ஊரில் விழுந்ததோ தெரியாது.

கேபினுக்குள் நாங்கள் செருப்புக் காலோடு ஏறுவதில்லை. படுப்பது, சாப்பிடுவது, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டுவது எல்லாம் அதற்குள்தான். செருப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதிர்த்து, கையோடு எடுத்து சீட்டுக்குக் கீழே செருகிவிட்டு ஏற வேண்டும். கொஞ்ச நாளில் யோசிக்காமலே செய்யப் பழகிவிட்டேன்.

அப்போதுதான் மகளுக்குச் சம்பந்தம் வந்தது. அவளே பார்த்த பையன், கூட வேலை செய்கிறவன். விவேக் நகர்க் குடும்பம். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து அவனுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

"நீங்க லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கீங்க" என்றாள் மனைவி. "பொய் இல்லையே."

"லாஜிஸ்டிக்ஸ்ல என்னவா இருக்கேன்?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க. கேட்டா இருமுங்க. ஃபுல் ஹேண்ட் சட்டை போடுங்க, வலது கை மட்டும் அடுப்புக்கரி மாதிரி இருக்கு."

ஜன்னல் பக்கத்துக் கை அது. பாதி இந்தியாவின் வெயில் அதில் இருந்தது.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கப்பா" என்றாள் மகள். "ஒரு நாள்தானே."

பேச்சு நன்றாகவே போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் இரும வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் ஓட்டலில் சாப்பிடலாம் என்று பையனின் அப்பா எழுந்தார். கார் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெண்கள் மூவரும் பின்னால் ஏறினார்கள். "சம்பந்தி, நீங்க முன்னாடி வாங்க" என்றார்.

நான் கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றினேன். இரண்டையும் தட்டி, சீட்டுக்குக் கீழே செருகிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

"கார் புதுசுதான், அதுக்காக செருப்பைக் கழட்டணுமா?" என்று சிரித்தார். பிறகு குனிந்து பார்த்தார். செருப்பை, என் காலை, மறுபடி என் முகத்தை. "எங்க குடோனுக்கு சரக்கு கொண்டுவர்ற டிரைவருங்கதான் இப்படி ஏறுவாங்க. நீங்க லாரியா ஓட்டறீங்க?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு அதில் வெட்கம் எதுவும் இருக்கவில்லை. அதற்குள் பின் சீட்டிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பாவுக்கு அது ஒரு ஹாபி, அங்கிள்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்காத வண்டி ஒன்று எதிரே வந்தபோது நான் செய்துகொண்டிருந்தது பொழுதுபோக்கு. அவளுடைய கடைசி வருடப் படிப்பு நடந்தது என் பொழுதுபோக்கில். ஓட்டலில் பிரியாணி நன்றாக இருந்ததாம், மனைவி சொன்னாள்.

பையனின் அப்பா ஏமாறவில்லை. சாயங்காலம் போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. சொந்தக்காரங்கதான் ஒருமாதிரி. நிச்சயதார்த்தத்துல பொண்ணோட அப்பா என்ன பண்றார்னு நாலு பேர் கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு யோசிச்சு வைங்க."

யோசித்தோம், மூவரும் தனித்தனியாக.

நிச்சயதார்த்தம் நெருங்கிய வாரத்தில் குர்கானுக்கு லோடு இருக்கிறது, போகிறீர்களா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றால் வேறு ஆள் போவான். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சாப்பாட்டு மேசையில் விஷயத்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு பேரில் ஒருத்தி 'எடுக்காதீங்க' என்றால் போதும். மனைவி குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். மகள் புடவை நிறத்தைப் பற்றிப் பேசினாள்.

லோடை எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும் காலையில் மகளும் அலுவலகத்துக்குக் கிளம்பியிருந்தாள். வாசல் கேட்டருகில் கேப்புக்காக நின்றாள்.

"எங்க போறீங்கப்பா இந்தத் தடவை?"

"குர்கான்."

"எப்ப வருவீங்க?"

"நிச்சயதார்த்தம் முடிஞ்சுதான் வர முடியும்போல."

சொல்லிவிட்டு நின்றேன். பையைத் தோள் மாற்றினேன். அவள் போனைப் பார்த்தாள், தெருமுனையைப் பார்த்தாள். பிறகு கேட்டின் தாழை நீக்கி, எனக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

"சரிப்பா. பாத்து ஓட்டுங்க."