மாதாவின் பல்புக்குப் போன வயர்

பாலையூற்று லெஸ்லியைத் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. தகப்பன்வழி ஆட்கள் மன்னார்ப் பக்கத்தார், தாய்வழி நிலாவெளிக் கரைவலைக் குடும்பம். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். மகன் அதே துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் லொறி ஓட்டினார். இடுப்பு விட்டுப்போன பிறகு ஒரு பழைய யப்பான் காரை வாங்கி வாடகைக்கு ஹையர் ஓடத் தொடங்கினார். கலியாணம் கட்டவில்லை. கேட்டால், "ஓட்டத்திலேயே வயது போயிட்டுது" என்பார். அக்கா சீலாவின் புருஷன் மாரடைப்பில் போனதிலிருந்து அக்காளும் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

சீலாவுக்குச் சிறுநீரகம் பழுது. கண்டியில் கிளினிக். கால் வீங்கிய மனிசியை பஸ்ஸில் ஏற்ற ஏலாது. விடியப்புறம் மூன்று மணிக்குக் காரை எடுத்தால்தான் நேரத்துக்குப் போய் நம்பர் எடுக்கலாம்.

போனமுறை புறப்பட்டபோது டாஷ்போட்டில் ஒரு லைற்றும் எரியவில்லை. முன்லைற் எரிகிறதுதானே என்று லெஸ்லி எடுத்துவிட்டார். அந்தக் காருக்கு எஞ்சின் சூடேறுகிற வியாதி இருந்தது. சூடு காட்டும் ஊசியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டவேண்டும். இருட்டில் ஊசி தெரியாது. கந்தளாய் தாண்டி, முன்னுக்கிருந்து ஆவி கிளம்பியபோதுதான் விசயம் தெரிந்தது. யானை குறுக்கே மாறுகிற அந்தக் காட்டு றோட்டில் இருவரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விடியும்வரை இருந்தார்கள். கிளினிக் தவறிப்போனது. நேர்ஸ் போனில் புதுத் திகதி தந்து, "இதையும் விட்டிடாதேங்கோ அம்மா, வீக்கம் நெஞ்சுக்கு ஏறினால் கஷ்டம்" என்று சொன்னார்.

அந்தத் திகதி நாளைக்கு.

லெஸ்லி தானே ஆறு பியூஸ் மாற்றிப் பார்த்துவிட்டார். போட்ட கையோடு ஒவ்வொன்றும் எரிந்து போனது. கடைசியில் கிண்ணியா ஸைனுலாப்தீன் நானாவுக்குப் போன் எடுத்தார். கார் வயரிங் வேலையில் அவரை வெல்ல ஆளில்லை. ஆள் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மூதூர் போயிருந்தவர், இன்றைக்குத்தான் திரும்பி, பகல் தொழுகை முடித்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

பியூஸ் பெட்டியைத் திறந்தவர் சிரித்தார். "லெஸ்லியண்ணே, பியூசில சிகரட் பெட்டிட வெள்ளித்தாள் சுத்தியிரிக்கி. காருக்கும் சிகரட் பழக்கிட்டீங்களா?"

"ஒருக்காத்தான் சுத்தினனான் நானா. எரியிற மணம் வந்தவுடன நிப்பாட்டிட்டன்."

"நிப்பாட்டாட்டி இண்டைக்குக் கார் இல்ல, கரிதான் இரிக்கும்."

பகல் வெளிச்சத்தில் டாஷ்போட் எரிவது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கட்டில் விரிப்பொன்றால் முன்கண்ணாடியை மூடினார்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரத்தை நானா முதலில் திருப்பிப் பார்த்தார். அதில் பிழையில்லை. டாஷ்போட்டுக்கும் பின்லைற்றுக்கும் ஒரே பியூஸ்தான். அந்தப் பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பைக் கொழுவி லைற் சுவிட்சைப் போட்டார். பல்பு பளீரென்று எரிந்தது.

"எங்கயோ ஒரு வயர் தகரத்தில முட்டுது. ஒவ்வொண்டாக் கழட்டுவம். முட்டுற வயரைக் கழட்டின உடன இந்தப் பல்பு மங்கும்."

பின்லைற்றைக் கழற்றினார். கடல் உப்பில் துருப்பிடித்திருந்தது. ஆனால் பல்பு மங்கவில்லை. நம்பர் பிளேற் லைற். மங்கவில்லை. டாஷ்போட்டையே பிரித்து உள்ளிருந்த பல்புகளை எடுத்தார். றேடியோ, சாம்பல்தட்டு, எல்லாம் கழன்று பின்சீற்றில் கிடந்தன. பல்பு அதே வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது.

கழற்றாத வயர் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். டாஷ்போட்டின் மேலே ஒட்டியிருந்த மாதா சொரூபத்தின் பாதத்தில் ஒரு நீலப் பல்பு. அதற்குப் போன வயர். கார் வாங்கிய கிழமை சீலாவின் புருஷன் தன் கையால் இழுத்துக் கட்டியது. நானா சொரூபத்தைப் பார்த்தார். லெஸ்லியும் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பினார்கள்.

"சுவிட்ச் போயிருக்கும்போல" என்றார் நானா.

"ஓம், சுவிட்சாத்தான் இருக்கும்" என்றார் லெஸ்லி.

அந்தச் சுவிட்சைக் கழற்றிப் பூட்ட ஒன்றரை மணித்தியாலம் போனது. சுவிட்சில் ஒரு பழுதும் இல்லை. வெயில் சாய்ந்துவிட்டது. லெஸ்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் குந்தினார். நாளைக்கு வேறு கார் பிடிப்பதென்றால் இனி ஆரைக் கேட்பது என்று யோசிக்கவும் அவருக்கு உடம்பில் தெம்பில்லை.

சீலா வீங்கிய காலை இழுத்து இழுத்துத் தேத்தண்ணி கொண்டுவந்தார். பிரிந்து கிடந்த காரைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் பார்த்தாச்சோ?"

"பார்த்தாச்சு அக்கா."

"மாதாவின்ர வயரையும்?"

லெஸ்லி தேத்தண்ணிக் கோப்பைக்குக் கையை நீட்டினார். பிறகு நானா, "அது உங்கட மாதாட விளக்கு சீலாக்கா. அதுவும் மௌத்தாப்போன மனிசன் கட்டினது. நான் எப்பிடிக் கைவைக்கிற?" என்றார்.

"அவர் என்ன, வயரிங் படிச்சவரோ? மீன்வாடியில தராசு பிடிச்ச மனிசன். அந்தப் பல்பு எரியாமல் விட்டே மூண்டு வருசம் நானா."

லெஸ்லி தலையை நிமிர்த்தினார். "உங்களுக்குத் தெரியுமோ?"

"பின்சீற்றில இருந்து வாறவளுக்கு வேற என்ன பார்க்கக் கிடக்கு? சொன்னால் நீ மனம் நோவாய் எண்டு பேசாமல் இருந்தனான்."

"நான் நீங்க நோவீங்கள் எண்டு பேசாமல் இருந்தனான்."

"நல்லாத்தான் இருந்திருக்கிறம்" என்றார் சீலா. "நான் அங்க காட்டுக்க கிடந்து சாகப் பார்த்தனான்."

நானா எழும்பிப்போய் பைப்படியில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். "அண்ணே, சொரூபத்தை நீங்க தூக்குங்க. கீழ நான் பார்க்கிறன்" என்றார்.

லெஸ்லி இரண்டு கையாலும் சொரூபத்தை அசைத்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் கீழே வயர் இறங்கிய தகர ஓட்டையில், உறை தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. நானா குறட்டால் ஒரு வெட்டு வெட்டினார். பியூஸ் இடத்தில் எரிந்த பல்பு அந்த நிமிசமே அணைந்தது.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, புதுப் பியூஸ் போட்டார்கள். பின்லைற் எரிந்தது. உருவிய வயரை என்ன செய்வதென்று நானா கேட்டார்.

"எறியுங்கோ" என்றார் சீலா. நானா கையை ஓங்கியதும், "இல்லை, தாங்கோ" என்று வாங்கி விரலில் சுற்றிக்கொண்டார்.

பிறகு லெஸ்லி பிடித்துக்கொள்ள, சீலா முன்சீற்றில் ஏறி இருந்தார். தம்பி சுவிட்சைப் போட்டார். விரிப்புக்குள் மங்கிய பச்சை வெளிச்சம் பரவியது.

"இதுவோ அந்த ஊசி?"

"ஓம். அது பாதிக்கு மேல போனால் நிப்பாட்ட வேணும்."

"அப்ப நாளைக்கு நான் முன்னுக்கே இருக்கிறன். உன்ர கண்ணை நம்ப ஏலாது. ரெண்டரைக்கு எழுப்பு."

அக்கா உள்ளே போனார். சொரூபத்தைப் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டு, லெஸ்லி இரண்டு வெறும் போத்தல்களை எடுத்துக்கொண்டு பைப்படிக்கு நடந்தார். லைற் எரிந்தாலும் எஞ்சின் சூடேறத்தான் போகிறது. வழிக்குத் தண்ணீர் வேண்டும்.