சிறகு முளைத்தவர்களுக்கும் பெரட்டு

"சேர், ஒரு சின்னச் சந்தேகம். இந்தச் சிறகர் எல்லாரும் ஏன் விடியக்காலமை வரிசையில நிக்கினம்?"

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காலை, கொழும்பிலிருந்து வந்த போன் இது. பேசியவர் ஒரு சின்னப் பதிப்பகத்தின் ஆசிரியர். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு காற்புள்ளியைக்கூடச் சும்மா விடாத மனிதர்.

"எந்த இடத்துல நிக்கிறாங்க?" என்றேன்.

"எல்லா இடத்திலயும் நிக்கினம், சேர். எண்பது அத்தியாயத்திலயும்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நாவலை அவருக்குச் சிபாரிசு செய்து அனுப்பியவனே நான்தான். பதினொரு சி.ஆர். கொப்பிகள், தடித்த நோட்டுகள், நிறையக் கையெழுத்து. ஒரு பக்கம் விடாமல் படித்திருந்தேன். ராணியின் கிரீடத்தில் மூன்றாம் கொப்பியில் பச்சைக் கல், ஏழாம் கொப்பியில் நீலக் கல் என்பதையெல்லாம் கண்டுபிடித்துச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்ட மேதாவி நான். வரிசை மட்டும் கண்ணில் படவில்லை!

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

புவனேஸ்வரி இந்தப் பத்தியின் நெடுநாள் வாசகி. வயது முப்பத்து நாலு. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறார் — கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்கிற இடம் அது. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். ஒருநாள் புவனேஸ்வரி பதுளையில் என் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு சொப்பிங் பேக்கை நீட்டினார்.

"சேர், கதை ஒண்ணு எழுதியிருக்கேன். கொஞ்சம் பெருசாப் போச்சுங்க."

கொஞ்சமா? பேக்கின் கைப்பிடி அறுந்துபோகிற கனம்.

மாயாஜாலக் கதை என்றாலே எனக்கு ஒவ்வாமை. சரி, நம் வாசகியாயிற்றே… பத்துப் பக்கம் பார்த்துவிட்டு, நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அன்றைக்கு மதியச் சாப்பாடு ஆறிப்போனது. மனைவி இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிடவில்லை.

அப்படி ஓர் உலகம்! மேகத்துக்கு மேலே மூன்று மலைகள். அங்கே சிறகு முளைத்த மனிதர்கள் — சிறகர்கள். காற்றை நூலாகத் திரித்துப் போர்வை நெய்கிறார்கள். கோபம் வந்தால் அவர்களுடைய இறகின் நிறம் மாறிவிடும், அதனால் அந்த ஊரில் யாராலும் பொய்க்கோபம் கொள்ள முடியாது. இறந்தவரின் சிறகைப் புதைத்த இடத்தில் ஒரு மரம் வளரும். அதில் அவர் வாழும்போது சொல்லாமல் விட்ட வார்த்தைகள் துளிர்க்கும். உறவினர்கள் தயங்கித் தயங்கிப் போய்ப் படிப்பார்கள். இதையெல்லாம் இந்தப் பெண் எங்கே பிடித்தார்?

பிள்ளைகளின் பகல் தூக்கத்தில்தான். சாப்பாடு கொடுத்து, தொட்டில்களை ஆட்டி, எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு கிடைக்கிற ஒன்றரை மணித்தியாலம். ஒரு கை தொட்டில் கயிற்றில், ஒரு கை பேனாவில். இப்படியே நாலு வருஷம்! அத்தியாயங்கள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்று கேட்டேன். நவீன உத்தி ஏதோ என்று என் நினைப்பு.

"யாராவது ஒண்ணு எந்திரிச்சு அழுதுருமுங்க. அதோட அத்தியாயமும் முடிஞ்சிரும்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். புதிதாக ஒரு மிருகத்தை உருவாக்கினால், அதை முதலில் அங்கிருக்கும் நாலு வயதுப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்ப்பாராம். அவர்கள் கண்ணை விரித்தால் மிருகம் கதைக்குள் போகும். எழுந்து விளையாடப் போய்விட்டால் மிருகத்தின் மேல் கோடு போட்டு நீக்கிவிடுவார். நம்மில் எத்தனை பேருக்கு இவ்வளவு கறாரான விமர்சகர்கள் வாய்த்திருக்கிறார்கள்?

சரி, போனுக்கு வருகிறேன்.

"பறக்கத் தெரிஞ்ச சனம், சேர். ஆரும் பிடிச்சு வைக்கேலாது. பிறகு என்னத்துக்கு வரிசை? நான் எடுக்கச் சொல்லேல்ல. ஒரு காரணம் வேணும். காரணம் இல்லாட்டி அச்சுக்குக் குடுக்க மாட்டன். மூண்டு மாசம் தாறன்… நீங்களே பக்குவமாச் சொல்லுங்கோ."

போனை வைத்துவிட்டு என்னிடமிருந்த பிரதியைப் புரட்டினேன். ஐயோ… ஆமாம்! பொழுது விடியும் முன்னே கொம்பு ஊதுகிறது. சிறகர்கள் மைதானத்தில் வந்து வரிசையாக நிற்கிறார்கள். மந்திரி ஒரு கல்லின் மேல் ஏறிப் பெயர் வாசிக்கிறார். நீ கிழக்கு மலைக்கு, நீ மேற்கு மலைக்கு என்று பிரித்து அனுப்புகிறார். பிந்திப் பறந்து வந்தவனுக்கு அன்றைக்கு அரைப் பேர் — பாதி நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்களாம்!

பெரட்டு! தோட்டத்தில் தினமும் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் வாசித்து வேலை பிரிக்கிற அதே பெரட்டு. மேகத்துக்கு மேலே அச்சு அசலாக நடந்துகொண்டிருக்கிறது.

எழுதியவருக்கும் தெரியவில்லை. படித்த எனக்கும் தெரியவில்லை. பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன் நான். அப்பா, அம்மா இரண்டு பேரும் பெரட்டுக்குப் போனவர்கள். காலை என்றால் வரிசை. இதில் கவனிக்க என்ன இருக்கிறது? சூரியன் ஏன் கிழக்கே உதிக்கிறது என்று எந்த வாசகராவது நாவலாசிரியரிடம் கேட்பாரா?

பக்குவமாகச் சொல்வதற்காக பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்த நேரம் பகல் தூக்க நேரம். எட்டுத் தொட்டில்கள், பாயில் ஆறு பிள்ளைகள். இலக்கிய விமர்சனத்தைக் கிசுகிசுப்பாகச் செய்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

விஷயத்தைக் கேட்டதும் புவனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"பெரட்டு இல்லாட்டி… வேலை எப்படிங்க சேர் தொடங்கும்?"

எனக்கும் தெரியவில்லை.

"நாலு வருஷமா கற்பனைன்னு நெனச்சு எழுதுனேன். கடைசில பாத்தா தோட்டத்தத்தான் தூக்கி மேல வச்சிருக்கேன்" என்றார். கண் கலங்கிவிட்டது. சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு கிரீடத்துக் கல்லை எண்ணியவனுக்கும் இதில் பங்கு உண்டே!

"கொப்பியெல்லாம் திருப்பி வாங்கிக் குடுத்துருங்க சேர். புத்தகமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஒரு தொட்டிலில் சிணுங்கல். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

நான் கொப்பிகளைத் திருப்பி வாங்கவில்லை. இந்த நாவலுக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார். மனசு கேட்காமல் மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறார்.

"வரிசைய எடுத்துப் பாத்தேன் சேர். எடுத்தா, காலையில எல்லாரும் எங்க போறாங்கன்னே தெரியல. சும்மா பாறையில உக்காந்துக்கிட்டு என் மூஞ்சியப் பாக்குறாங்க."

அதன் பிறகு செய்தார் பாருங்கள் ஒரு காரியம்… வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டார். காய்ச்சல் இல்லை, கல்யாணம் இல்லை. பெரட்டே இல்லாத ஊரில் ஒரு பெண் காலையில் என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். திட்டம் மிக எளிது. ஜன்னலில் வெயில் விழும்வரை படுத்தே கிடப்பது.

நாலரைக்குக் கண் விழித்துவிட்டது. இறுக மூடிக்கொண்டார். புரண்டு படுத்தார். கொஞ்ச நேரத்தில், தண்ணீர் மட்டும் சுட வைப்போமே என்று அடுப்படிக்குப் போனார். ஆறு மணிக்குப் பார்த்தால், முகம் கழுவி, தலை சீவி, சேலை மாற்றி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்!

"யாரும் கூப்பிடலங்க சேர். காலு தானாப் போய் வாசல்ல நிக்குது."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஓய்வுபெற்று ஒரு வருஷமாகியும் நாலரைக்கு எழுந்து, சவரம் செய்து, சட்டை மாட்டி, போக இடமில்லாமல் வீட்டு ஹோலில் உட்கார்ந்திருக்கிறவன் நான்.

ஆனால் புவனேஸ்வரிக்கு அந்த வாசலில்தான் காரணம் கிடைத்தது — பிடித்து நிறுத்த ஆளே வேண்டாம், பழக்கம் போதும். அன்றைக்கே எழுதத் தொடங்கிவிட்டார். பழைய எண்பது அத்தியாயங்களில் வரிசை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒன்பது அத்தியாயம் புதிதாக எழுதினார். மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில் அனுப்பினார். கதைக்காகத் தேசம் தேசமாகப் போய் ஆராய்ச்சி செய்கிற எழுத்தாளர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். தன் வீட்டு வாசல்வரை போய் ஆராய்ச்சி செய்தவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

போன ஞாயிறு பதுளையில் வெளியீடு. 'மேகத்துக்கு மேல் மூன்று மலை' — மொத்தம் எண்பத்தொன்பது அத்தியாயங்கள், தலையணை கனம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்காரர் வந்திருந்தார். புவனேஸ்வரியின் தோட்டத்திலிருந்து பெண்கள் ஒரு பஸ் பிடித்து வந்து இரண்டு வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். பெரும்பாலும் கொழுந்தெடுப்பவர்கள்.

புதிதாக எழுதியதிலிருந்து ஓர் அத்தியாயத்தை அவரே வாசித்தார். ராணி தோற்று ஓடிவிட்டாள். மந்திரியும் இல்லை. இனிமேல் வரிசை கிடையாது என்று முந்தின நாளே அறிவித்தாயிற்று. விடிகிறது. கொம்பு ஊதவில்லை. ஆனாலும் சிறகர்கள் ஒவ்வொருவராக வந்து மைதானத்தில் நிற்கிறார்கள். வெயில் ஏறுகிறது. கலைந்து போக யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், தாரகை என்கிற கதாநாயகி அந்தக் கல்லின் மேல் ஏறுகிறாள். பெயர் பெயராக வாசிக்கிறாள். வேலை பிரிக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறாள்:

"இன்றைக்கு நீ என்ன செய்யப் போகிறாய்?"

அந்த இடத்தில் புவனேஸ்வரி தண்ணீர் குடிக்க நிறுத்தினார்.

"தூங்குவேன்!"

இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்துவிட்டோம். சொன்ன பெண் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பக்கத்திலிருந்தவர் எழுந்தார். "எம் மக படிக்கிற பள்ளிக்கூடத்துக்குள்ள போய்ப் பாப்பேன். இதுவரைக்கும் கேட் வரைக்கும்தான் போயிருக்கேன்."

இப்போது சிரிப்பு குறைந்துவிட்டது. இன்னொருவர் எழுந்தார். "ரயில்ல பதுளைக்கு வருவேன். ஒரு டீ குடிச்சிட்டு, அதே ரயில்ல திரும்பிப் போவேன். வேற வேலை ஒண்ணும் இல்லாம."

புவனேஸ்வரி புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, அதே வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"பரமேஸ்வரி அக்கா… நீங்க?"

பரமேஸ்வரி என்பவர் எழுந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. இருபது வருஷத்துக்கு மேலாக மலையில் கொழுந்தெடுப்பவர் என்று பிறகு சொன்னார்கள். பெயர் கேட்ட உடனே விறைப்பாக நின்றார். பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"என்னைய யாரும் அப்படிக் கேட்டதே இல்லையே தங்கச்சி… ரெண்டு நாள் டைம் குடு. யோசிச்சுச் சொல்றேன்."

எனக்கும் ரெண்டு நாள் வேண்டும், அக்கா!